பிளக் மரை போன ஸ்பிரேயர் இன்ஜின்: ஹெட்டை மாத்தணுமா, ஹெலிகாயில் போதுமா?

தம்பி கேட்டிருக்கறது இதுதான். வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டம், மருந்தடிக்கிற செட்டுல இருக்கறது ஹோண்டா ஜிஎக்ஸ்160ங்கற சின்னப் பெட்ரோல் இன்ஜின், பிளக் மாட்டுற ஓட்டையில மரை போயிருச்சு, எவ்வளவு திருகினாலும் பிளக்கு இறுகாம சும்மா சுத்துது, வேலைக்குக் குடுத்த எடத்துல ஹெட்டையே, அதாவது சிலிண்டர் மேல் மூடியையே மாத்தணும்னு சொல்லிட்டாங்க, ஆனா வீடியோவுல பாத்தா ஒரு கம்பிச் சுருளை உள்ள விட்டு அஞ்சு நிமிசத்துல வேலையை முடிக்கிறாங்க, அந்தக் கிட்டு ஆன்லைன்ல கெடைக்குது, வாங்கி நானே போட்டுக்கலாமா? கூடவே சைலன்சர் ஸ்டட், அதாவது சைலன்சரை ஹெட்டோட புடிச்சு வைக்கிற தலையில்லாத போல்ட்டு, ஒண்ணும் ஆடுதாம். அந்தக் கம்பிச் சுருளோட பேருதான் ஹெலிகாயில், மேலோட்டமா பாத்தா இது அதைப் பத்தின கேள்வி. ஆனா எழுதியிருக்கற தோரணையைப் பாத்தா தம்பி மனசுல இருக்கற கேள்வி வேற, மெக்கானிக் நம்மகிட்ட தேவையில்லாம ஹெட்டு விலையைக் கறக்குறாரான்னு. ரெண்டுக்கும் சேத்தே சொல்றேன். நான் கம்பத்துல சின்ன இன்ஜின் வேலை பாக்கறவன், ஐடிஐல டர்னர் படிச்சு லேத்துல நின்னுட்டு அப்புறம் இன்ஜினுக்கு வந்தவன். கம்பம்மெட்டு, குமுளின்னு ரெண்டு வழியிலயும் மேல இருந்து எறங்கி வர்ற மெஷினுல பெரும்பாலும் ஏலத்தோட்டத்து ஸ்பிரேயரும் புல்லு வெட்டுற மெஷினும்தான். "ஆசானே, திரெட் போயி"ன்னு ஒரு சேட்டன் வந்து நின்னாருன்னா பத்துக்கு ஏழு இந்தப் பிளக் ஓட்டைதான்.

சுருக்கமா சொன்னா அந்த மெக்கானிக் ஏமாத்தல, ஆனா ஹெட்டை மாத்தறது மட்டும்தான் வழின்னும் இல்ல. ஒரே ஹெட்டுல ரெண்டு ஓட்டை கெட்டிருக்கு, ரெண்டுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. சைலன்சர் ஸ்டட் ஓட்டைக்கு ஹெலிகாயில் அருமையான வேலை, கண்ணை மூடிட்டுப் போடலாம். பிளக் ஓட்டைக்கு நான் காயில் போடறதில்ல, கட்டி புஷ், அதாவது உள்ளயும் வெளியயும் மரை வெட்டுன கெட்டி உலோகக் குழாய் போடுவேன், அது லேத்து வேலை. எதைப் போட்டாலும் ஹெட்டைக் கழட்டி வெளிய எடுத்துத்தான் போடணும், இன்ஜின்மேல வச்சே இல்ல. மரை போன ஓட்டைன்னு வந்தா நான் மொதல்ல பாக்கறது அந்த ஓட்டை என்ன வேலை செய்யுதுன்னுதான். அங்க எவ்வளவு சூடு, எத்தனை தடவை கழட்டி மாட்டுவாங்க, சுத்தி எவ்வளவு உலோகம் மிச்சம் இருக்கு, வெட்டுற சுருள் எங்க போய் விழும். இந்த நாலும் தெரிஞ்சா என்ன போடணும்னு தானா தெரிஞ்சிரும்.

அதுக்கு முன்னாடி மரை நெசமாவே முழுசா போச்சான்னு ஒரு தடவை பாத்திருங்க, ஏன்னா இதுல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு கோணலா ஏத்துனது. வெளிப்பக்கம் மொத ரெண்டு மூணு மரை நசுங்கியிருக்கும், உள்ள இருக்கறது நல்லா இருக்கும், பிளக்கை வச்சா நேரா உக்காராம ஒரு பக்கமா சாயும். இன்னொண்ணு பிளக்கு நேரா உள்ள போகும், கடைசி வரைக்கும் போகும், ஆனா இறுகவே இறுகாது, வெளிய எடுத்துப் பாத்தா பிளக்கு மரை இடுக்குல அலுமினியம் வெள்ளிக் கம்பி சுத்துன மாதிரி சுத்திக்கிட்டு வந்திருக்கும். அந்தக் கம்பிதான் உங்க ஹெட்டோட மரை. நீங்க சொல்றதை வச்சுப் பாத்தா உங்களுக்கு ரெண்டாவது வகை. மொத வகையா இருந்தா புஷ்ஷும் வேணாம் காயிலும் வேணாம். ஹெட்டைக் கழட்டி, வெளிய இருந்து இல்லாம எரிப்பறை பக்கம் இருந்து, அதாவது வால்வ் தெரியற பக்கம் இருந்து, மரை வெட்டற டேப்பு, 14 மி.மீ விட்டத்துக்கு 1.25 மி.மீ மரை இடைவெளி உள்ளதை விட்டா உள்ள இருக்கற நல்ல மரையைப் புடிச்சுக்கிட்டு நேரா வெளிய வரும், நசுங்கின மரையையும் சரி பண்ணிட்டு வரும். இதையே வெளிய இருந்து பண்ணுனா டேப்பு அந்தக் கோணல் மரையிலேயே ஏறிக் கோணலாவே போகும். வெறும் கரி அடைச்சு பிளக்கு இறுக்கமா வந்துச்சுன்னா அதுக்கு டேப்புகூட வேணாம், அதே அளவு பழைய பிளக்கு ஒண்ணை எடுத்து மரைமேல நெடுக்கா மூணு நாலு எடத்துல ஆக்சா பிளேடால வரி அறுத்து, பிசிறை முக்கோண அரத்தால எடுத்துட்டு, வரியில கிரீஸ் அப்பி மெதுவா விட்டு விட்டு எடுத்தா கரியெல்லாம் அந்த வரியில ஒட்டிக்கிட்டு வந்துரும்.

இப்ப ஹெலிகாயிலுக்கு வருவோம். அது டைமண்ட் வடிவத்துல இழுத்த ஸ்டெயின்லெஸ் கம்பியை சுருளாச் சுத்துனது. வெளிய இருக்கும்போது ஓட்டையைவிடக் கொஞ்சம் பெருசா இருக்கும், உள்ள போகும்போது சுருங்கி, தன் விறைப்பாலேயே பக்கச் சுவத்தை அழுத்திப் புடிச்சுக்கும், பசை எதுவும் வேணாம். அலுமினியத்துல இதோட அருமை என்னன்னா ஸ்டட் ஏறுறது ஸ்டெயின்லெஸ்ல, அலுமினியத்தைப் புடிக்கிறது அதைவிடப் பெரிய வட்டம், அதனால கம்பெனி மரையைவிட இது பலமாவே நிக்கும். சாதாரண மரையில மொத வரியே சுமார் மூணுல ஒரு பங்கு இழுவையைத் தாங்குது, காயில் கொஞ்சம் வளைஞ்சு குடுக்கறதால சுமை அடுத்த வரிகளுக்கும் பிரிஞ்சு போகும். விமானத்துலகூட புது அலுமினிய பாகத்துல ஆரம்பத்துலயே காயில் போட்டுத்தான் விடறாங்க. அதனால "காயில் போட்டது பலவீனம்"னு யாராச்சும் சொன்னா அதை நம்பாதீங்க, அது தப்பு.

அப்ப பிளக் ஓட்டைக்கு மட்டும் ஏன் வேணாம்ங்கறேன்? ஸ்டட்டை ஒரு தடவை ஏத்துனா வருசக்கணக்கா அங்கேயே இருக்கும். பிளக்கு அப்படி இல்ல, தோட்டத்து மெஷினுல மழைக்காலத்துல வாரத்துக்கு ஒரு தடவை கழட்டித் துடைச்சு மாட்டுவீங்க. எரிஞ்ச வாயு மரை இடுக்குல நுழைஞ்சு கரி கட்டும், கரி கட்டுன பிளக்கைத் திருப்பினா பிளக்கோட காயிலும் சேந்து சுத்தி வெளிய வந்துரும். இது எப்பவும் நடக்கும்னு சொல்லல, சில பேரு மெஷினுல வருசக்கணக்கா நின்னுருக்கு, கவனமா கழட்டி மாட்டுறவங்ககிட்ட நிக்கும். ஆனா உங்க தோட்டத்துல பிளக்கைக் கழட்டறது நீங்களா, மருந்தடிக்க வர்ற ஆளா? அவரு கையில இருக்கறது நீளக் கைப்பிடி வச்ச பாக்ஸ் ஸ்பானர். அதுக்காகத்தான் சொல்றேன். இன்னொண்ணு, காயில் அளவு கொஞ்சம் குட்டையாப் போயிருச்சுன்னா எரிப்பறை ஓரத்துல மரை வெறுமையா நிக்கும், நீளமாப் போச்சுன்னா கம்பி நுனி உள்ள நீட்டிக்கிட்டு செவந்து, பிளக்கு பொறி விடறதுக்கு முன்னாடியே பெட்ரோலைப் பத்த வைக்கும். ரெண்டும் இன்ஜினுக்கு ஆகாது.

ஹெட்டைக் கழட்டாமப் போடற வீடியோவைப் பத்தியும் சொல்லிர்றேன். டேப்புல கிரீஸ் தடவுனா அலுமினியச் சுருள் அதுலயே ஒட்டிக்கும்னு சொல்வாங்க, ஒட்டும், ஆனா எல்லாமே ஒட்டாது. மிச்சம் உள்ள விழும். காத்தடிச்சா வெளிய வரும்னு சொல்றவங்களும் உண்டு, கொஞ்சம் வரும், கொஞ்சம் வால்வ் சீட்டுல போய் உக்காரும். ஒரு சின்னச் சுருள் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவுல மாட்டுனாலே கம்ப்ரஷன் போயிரும், கயிறு இழுத்தா லேசா வரும், ஸ்டார்ட் ஆகாது. பிஸ்டன் ரிங்குல மாட்டுனா போர்ல, அதாவது சிலிண்டர் உள் சுவத்துல கோடு விழும். அவசரத்துக்கு வேற வழியே இல்லாத பெரிய கார் இன்ஜினுக்கு அந்த முறை சரி. ஜிஎக்ஸ்160க்கு அது தேவையே இல்ல, ஹெட்டு நாலே நாலு போல்ட்டுல நிக்குது. சைலன்சர், கார்புரேட்டர், மேல இருக்கற காத்துத் தகடு, ராக்கர் கவர் எடுத்துட்டா ஹெட்டு கையோட வந்துரும். கழட்டறதுக்கு முன்னாடி ரெண்டு வால்வும் மூடியிருக்கற நிலைக்குக் கயிறை இழுத்து பிஸ்டனை மேல கொண்டு வந்திருங்க, புஷ் ராடு ரெண்டையும் எது இன்டேக் எது எக்ஸாஸ்ட்னு மாறாம அடையாளம் போட்டு வைங்க. ஹெட் கேஸ்கெட் புதுசுதான் போடணும், பழசைத் துடைச்சுப் போட்டுட்டு அப்புறம் லீக்குன்னு வராதீங்க.

புஷ்ஷு விசயத்துல லேத்துக்காரர்கிட்ட என்ன கேக்கணும்னு தெரிஞ்சு போங்க, ஏன்னா பல எடத்துல அவசரத்துல 16 மி.மீ வெளி மரை போட்டு புஷ் செஞ்சு குடுத்துர்றாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க, வெளிய 16க்கு 1.5 மரை வெட்டுனா மரைப் பள்ளத்துல மிஞ்சற விட்டம் ஏறக்குறைய 14.2, உள்ள பிளக்குக்கு 14 மரை. அப்ப அந்தப் பள்ளத்துல சுவரு எங்க இருக்கு? தாள் கனம்கூட இல்ல. கம்பெனி செஞ்சு விக்கிற மெல்லிசு புஷ்ஷுகள்ல உள் மரையும் வெளி மரையும் ஒரே பிட்ச்சுல, அதாவது ஒரே மரை இடைவெளியில, ஒண்ணோட மேடு இன்னொண்ணோட பள்ளத்துக்கு நேரா வர்ற மாதிரி வெட்டியிருப்பாங்க, அது நிக்கும். சாதா லேத்துல அந்த நேர்த்தி கஷ்டம். அதனால வெளிய 18க்கு 1.5 வெட்டச் சொல்லுங்க, ஹெட்டுல 16.5 டிரில் போட்டு அதே 18 டேப்பு. அப்ப சுவரு மெல்லிசான எடத்துலயே ஒரு மி.மீக்கு மேல இருக்கும். மேல ஒரு காலர் வேணும், அந்தக் காலர் ஹெட்டுக்குள்ள பதிஞ்சு பழைய பிளக் சீட்டு உயரத்துக்கே வரணும், அதுக்கு சீட்டைக் கொஞ்சம் எறக்கி வெட்டணும். காலரு மேல நிமிந்து நின்னா பிளக்கும் அந்த அளவுக்கு மேல தூக்கிக்கும். இந்த இன்ஜினுக்கு வர்றது என்ஜிகே பிபிஆர்6இஎஸ் பிளக்கு, மரை நீளம் 19 மி.மீ. புஷ்ஷு போட்டு பிளக்கை ஏத்துனப்புறம் ஹெட்டைத் திருப்பி எரிப்பறை பக்கம் பாருங்க, பிளக்கோட கடைசி மரையும் ஹெட்டோட சுவரும் சமமா இருக்கணும். அதுதான் பரிச்சை. இதுல தேறலைன்னா திருப்பிக் குடுத்துருங்க.

புஷ்ஷு எந்த உலோகம்ங்கறதுல ஆளுக்கொரு கட்சி. அலுமினியம் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 23 மைக்ரான் விரியும், பித்தளை 19, செம்பும் வெள்ளீயமும் கலந்த கன்மெட்டல் 18 கிட்ட, சாதா இரும்பு 12தான். இன்ஜின் சூடானா ஹெட்டு ஓட்டை புஷ்ஷைவிட அதிகமா விரியுது, புடி தளருது, இரும்புன்னா அந்த வித்தியாசம் பெருசு. அதனால நான் கன்மெட்டல் பக்கம், சூட்டையும் அது நல்லாக் கடத்தும். இரும்புல போட்டு நல்லா ஓடுற மெஷினையும் பாத்திருக்கேன், மரை தேயாதுங்கறது அவங்க வாதம், அதுலயும் நியாயம் இருக்கு. எதைப் போட்டாலும் அடிப்பக்கம், அதாவது எரிப்பறை ஓரத்துல, புஷ்ஷும் ஹெட்டும் சேர்ற கோட்டுல சென்டர் பஞ்சால மூணு எடத்துல தட்டி விடச் சொல்லுங்க, புஷ்ஷு சுத்தாது. மரைக்குப் போடற பூட்டுப் பசையை மட்டும் நம்பாதீங்க, சாதா நீலப் பசையெல்லாம் 150, 180 டிகிரி வரைக்கும்தான், காத்துல ஆறுற இன்ஜினோட பிளக் ஓரம் அதைத் தாண்டும்.

இப்ப மெக்கானிக் சொன்ன ஹெட்டு மாத்தற விசயம். 18 மி.மீ டேப்பு போடணும்னா பிளக் ஓட்டையைச் சுத்தி அந்த அளவுக்கு உலோகம் இருக்கணும், முக்கியமா பிளக் ஓட்டைக்கும் எக்ஸாஸ்ட் வால்வ் சீட்டுக்கும் நடுவுல. அங்கதான் சூடு ஜாஸ்தி, வெடிப்பு விடற எடமும் அதுதான். கரியை நல்லா சுரண்டி எடுத்துட்டு, மண்ணெண்ணெய் தடவி கொஞ்ச நேரம் ஊற விட்டு, துணியால துடைச்சுக் காயவச்சு, மேல சாக்குக்கட்டிப் பொடியைத் தூவி விட்டுப் பாருங்க. வெடிப்பு இருந்தா உள்ள போன மண்ணெண்ணெய் திரும்பக் கசிஞ்சு பொடியில மயிரிழையா ஒரு ஈரக் கோடு போடும். கோடு தெரிஞ்சா வேற பேச்சே இல்ல, ஹெட்டு மாத்தறதுதான். உங்க மெக்கானிக் அதைப் பாத்துட்டுத்தான் சொன்னாரா, புஷ் வேலைக்கு லேத்துக்கு அலையணுமேன்னு சொன்னாரான்னு இங்க இருந்து என்னால சொல்ல முடியாது, அவரையே கேளுங்க, "வெடிப்பு இருக்காண்ணே?"ன்னு. நல்ல ஆளுன்னா காட்டுவாரு. இன்னொரு கணக்கும் இருக்கு. ஹோண்டா ஒரிஜினலா இல்லாம அதே அச்சுல வந்த சீன இன்ஜினா இருந்தா அதோட ஹெட்டு சல்லிசாக் கெடைக்கும், லேத்துக் கூலி, புஷ், உங்க போக்குவரத்து எல்லாம் கூட்டுனா ஹெட்டு விலைக்குப் பக்கத்துல வந்துரும், அப்ப மாத்தறதுதான் புத்தி. ஒரிஜினல் ஹெட்டுன்னா புஷ்ஷு லாபம். ஆனா புது ஹெட்டு வாங்குனாலும் அப்படியே மாட்டி ஓட்டக் கூடாது, பழைய வால்வை அதுல போடறீங்கன்னா லேப்பிங் பண்ணணும், அதாவது வால்வையும் சீட்டையும் தேச்சு ஒண்ணோட ஒண்ணு உக்கார வைக்கணும். ஹெட்டைக் கழட்டி மாட்டுனாலே, புதுசோ பழசோ, இன்ஜின் ஆறுன நிலையில இடைவெளி அளக்கற ஃபீலர் கேஜ் தகடு வச்சு வால்வ் இடைவெளி வைக்கணும், பழைய மாடலுக்கு இன்டேக் 0.15, எக்ஸாஸ்ட் 0.20 மி.மீ, புது மாடலுக்கு வேற அளவு, அதை உங்க இன்ஜின் புத்தகத்துல பாத்துக்கங்க.

சைலன்சர் ஸ்டட்டை நீங்களே பண்ணலாம், அதுக்குக் கிட்டு வாங்கறதுன்னா வாங்குங்க. அது 8க்கு 1.25 மரை. கிட்டுல வர்ற டேப்புமேல எம்8னுதான் போட்டிருக்கும், அதுக்காக உங்ககிட்ட இருக்கற சாதா எம்8 டேப்பை எடுத்துறாதீங்க, காயில் டேப்பு தனி, அதோட வெளி அளவு 9.6 கிட்ட இருக்கும். டிரில் 8.3 இல்ல 8.4. டிரில்லைக் கையில புடிச்சுப் போட்டா சாயும், சாஞ்ச ஸ்டட்டுல சைலன்சர் உக்காராது, பக்கத்துல எங்கயாச்சும் நிக்கிற டிரில் மெஷின் இருந்தா ஹெட்டை அதுல கட்டி ஓட்டையைப் போட்டுட்டு, கட்டை அவுக்காமலேயே டிரில்லைக் கழட்டி டேப்பை மாட்டி, கரண்டை நிறுத்திட்டு சக்கைக் கையால சுத்தி மொத நாலஞ்சு மரையை ஆரம்பிச்சிருங்க, நேராப் போகும். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய்தான் எண்ணெய், அரைச் சுத்து முன்னாடி, கால் சுத்து பின்னாடி. மறுபக்கம் தொறக்காத ஓட்டைன்னா அடியில சுருள் சேரும், அடிக்கடி எடுத்துத் துடைங்க. காயிலை மேல்பரப்புக்குக் கால் முதல் அரை வரி கீழ வரைக்கும் எறக்குங்க, மேல நீட்டிக்கிட்டு நின்னா சைலன்சர் கேஸ்கெட்டைக் கிழிக்கும். நீளம் ஒன்றரை மடங்கு, அதாவது எம்8க்கு 12 மி.மீ காயில், ஓட்டை ஆழம் எடம் குடுத்தா ரெண்டு மடங்கு. அடியில இருக்கற குறுக்குக் காலை ஒரு தட்டைக் கம்பி வச்சு ஒரே தட்டுல ஒடச்சு, சாமணத்தால வெளிய எடுத்துருங்க. பக்கத்து ஸ்டட்டையும் ஒரு கை அசைச்சுப் பாருங்க, ஒண்ணு ஆடுன பிறகு மொத்த அதிர்வையும் அதுதானே தாங்கியிருக்கு.

வேணாம்னு சொல்ற லிஸ்ட்டு ஒண்ணு இருக்கு, வேகமா சொல்லிர்றேன். எம்சீல் பிளக் ஓட்டைச் சூட்டுக்கு நிக்காது. டெஃப்லான் டேப் சுத்தறது, மரைக்குள்ள காப்பர் கம்பி ஒரு சுத்து வச்சு பிளக்கை ஏத்தறது, இதெல்லாம் அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் மருந்தடிக்க உதவும், ஆனா மிச்ச மரையையும் தின்னுட்டுத்தான் வெளிய வரும். வாஷர் ரெண்டு போட்டா பிளக்கு மேல ஏறி உள் மரை வெறுமையா நிக்கும். ஆர்கான் வெல்டிங்குல ஓட்டையை அடைச்சுட்டு புதுசா மரை போடறது நல்ல வேலைதான், ஆனா எண்ணெய் குடிச்ச பழைய வார்ப்புல வெல்டு நுரைச்சுப் போகும், ஹெட்டு சூடேறி வால்வ் சீட்டு தளரவும் வாய்ப்பு இருக்கு, அதனால புஷ்ஷுக்கு எடம் இல்லாத விலை ஒசந்த ஹெட்டுக்குத்தான் அது.

ஆயில் இறக்கற போல்ட்டைப் பத்தி நீங்க கேக்கல, ஆனா பிளக்குக்கு அடுத்து வர்றது அதுதான், 12க்கு 1.5. அதுல ஒரு சௌகரியம் என்னன்னா இந்த இன்ஜினுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு இறக்கு ஓட்டை இருக்கு. ஒண்ணு மரை போனா அதை போல்ட்டோட சேத்து பசை போட்டு நிரந்தரமா அடைச்சுட்டு, மறுபக்கத்துல இறக்கிக்கலாம், சல்லிக்காசு செலவில்ல. இதைச் சொல்லாம டேப்பைத் தூக்கற ஆளுங்க நெறைய.

ஏன் போச்சுங்கறதைச் சொல்லலைன்னா புஷ்ஷையும் இதே மாதிரி கெடுப்பீங்க. சரிவுல மருந்தடிக்கும்போது இன்ஜின் நிக்குது, உடனே பிளக்கைக் கழட்டிப் பாக்கறாங்க. சுட்டுக்கிட்டு இருக்கற அலுமினியம் ரொம்ப மெத்துன்னு இருக்கும், கரி கட்டுன இரும்புப் பிளக்கை அப்பத் திருப்புனா மரையை உரிச்சுக்கிட்டுத்தான் வரும். கை வச்சுப் பொறுக்கற சூட்டுக்கு வர்ற வரைக்கும் விடுங்க. மாட்டும்போது ஸ்பானரால ஆரம்பிக்காதீங்க, பெட்ரோல் ஓஸு ஒரு சாண் வெட்டி பிளக்கு தலையில சொருகி அதால திருகுங்க, கோணலா ஏறுனா ஓஸு வழுக்கிரும், மரை பிழைச்சிரும். கையோட நின்ன பிறகு புதுப் பிளக்குன்னா அரைச் சுத்து, பழைய பிளக்குன்னா கால் சுத்துக்குள்ள, அவ்வளவுதான். டார்க் ரெஞ்ச் இருந்தா 18 நியூட்டன் மீட்டர், ஹெட் போல்ட்டுக்கு 24, குறுக்கு மறுக்கா ரெண்டு தவணையில. மரைக்கு காப்பர் கிரீஸ் தடவலாமாங்கறதுல ரெண்டு கட்சி இருக்கு, மேல்பூச்சு உள்ள பிளக்குக்கு வேணாம்னு பிளக்குக் கம்பெனியே சொல்லுது, தடவுனா வழுக்கி, அதே கைக்கு அதிகமா இறுகிரும். நான் தடவறதில்ல, தடவித்தான் ஆவேன்னா இறுக்கறதைக் குறைச்சுக்கங்க.

இன்னொரு காரணம் நம்ம ஏலக்காட்டுக்கே உரியது. மழைக்கு முன்னாடி அழுகலுக்கு போர்டோ கலவை அடிக்கிறீங்கல்ல, நூறு லிட்டருக்கு ஒரு கிலோ துருசு, ஒரு கிலோ சுண்ணாம்பு. துருசுல இருக்கற செம்பு அலுமினியத்துமேல படிஞ்சா ஈரத்துல அதை அரிக்கும், சுண்ணாம்புக் காரமும் அலுமினியத்துக்கு ஆகாது, ஸ்டட்டும் போல்ட்டும் இரும்பு, அந்த இடுக்குல அரிப்பு இன்னும் ஜாஸ்தி. அடிச்சு முடிச்சதும் டேங்கையும் ஓஸையும் கழுவறாங்க, இன்ஜினைக் கழுவறதில்ல, நீலப் பூச்சோடயே ஷெட்டுல சாத்திர்றாங்க. சைலன்சர் ஸ்டட்டு ஓட்டையைச் சுரண்டிப் பாருங்க, வெள்ளைப் பொடி வந்துச்சுன்னா அதுதான். இன்ஜின் ஆறுன பிறகு நல்ல தண்ணி ஊத்திக் கழுவி, அஞ்சு நிமிசம் ஓட்டிக் காயவச்சு வைங்க, காத்து வடிகட்டிக்குள்ள தண்ணி போகாம ஒரு பாலித்தீன் கட்டிக்கங்க.

அதனால இப்பத்திக்கு கிட்டு எதையும் ஆர்டர் போட வேணாம். ஹெட்டைக் கழட்டி, கரி சுரண்டி, சாக்குக்கட்டிப் பொடி பரிச்சையைப் பண்ணுங்க. கோடு வரலைன்னா ஹெட்டை மட்டும் ஒரு பையில போட்டு லேத்துக்கு எடுத்துட்டுப் போங்க, வால்வைக் கழட்டிட்டுக் குடுக்கறது நல்லது, இல்லைன்னா சுருள் அங்க ஒளிஞ்சுக்கும். புதுப் பிளக்கு ஒண்ணையும் கூடவே குடுங்க, அதை வச்சுப் பாத்துத்தான் புஷ்ஷை முடிக்கணும். ஸ்டட்டு காயிலையும் அவருகிட்டயே போடச் சொல்லலாம், அங்க நிக்கிற டிரில்லும் இருக்கும், ஒரே அலைச்சல். ஹெட் கேஸ்கெட்டு, சைலன்சர் கேஸ்கெட்டு ரெண்டையும் முன்னாடியே வாங்கி வச்சிருங்க. வெடிப்புக் கோடு வந்துச்சுன்னா வால்வ் சீட்டு தெளிவாத் தெரியற மாதிரி போட்டோ எடுத்து இதுலயே போடுங்க, பாத்துட்டு சொல்றேன்.